ஸ்பிண்டில் வாங்கும் முன்: கேள்வி-பதில்

கேள்வி: வீட்டிலேயே சிஎன்சி ரூட்டர் (கணினி சொல்கிறபடி வெட்டும் இயந்திரம்) கட்டுகிறேன். மரம், பிளைவுட், எப்போதாவது அலுமினியம். கட்டரைச் சுழற்றும் மோட்டாரான ஸ்பிண்டில் 2.2 கிலோவாட் போதுமா, 3 கிலோவாட் வாங்கிவிடலாமா?

பதில்: இயந்திரத்தின் சட்டம் எதனால் ஆனது என்று எழுதவே இல்லையே! தண்ணீரில் குளிரும் 2.2 கிலோவாட் ஸ்பிண்டிலே சுமார் 5 கிலோ எடை. அதை மெல்லிய சட்டத்தில் தொங்கவிட்டால் வெட்டும்போது எல்லாம் அதிர்ந்துகொண்டே இருக்கும். சட்டம் கனமில்லை என்றால் 800 வாட் போதும். முதலில் சட்டத்தை முடியுங்கள்.

கேள்வி: ஸ்பிண்டிலையும் அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் விஎஃப்டியையும் ஒரே இடத்தில் செட்டாக வாங்கினேன். முதல் நாளே ஸ்பிண்டில் புகைந்துவிட்டது. ‘நீங்கள் செட்டிங்கைத் தப்பாக வைத்தீர்கள்’ என்று மாற்றித்தர மறுக்கிறார்கள்.

பதில்: உங்கள் மேல் தப்பில்லை. பல விஎஃப்டிகள் சாதாரண 50 ஹெர்ட்ஸ் மோட்டாருக்கான செட்டிங்கோடுதான் வருகின்றன. இந்த வகை ஸ்பிண்டிலோ 400 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 24,000 சுற்று சுற்றுவது. பேஸ் ஃப்ரீக்வென்ஸியை, அதாவது எத்தனை ஹெர்ட்ஸில் முழு வோல்டேஜும் போகவேண்டும் என்ற செட்டிங்கை, 400-க்கு மாற்றாவிட்டால், 50 ஹெர்ட்ஸிலேயே முழு வோல்டேஜும் பாய்ந்து காயில் கருகிவிடும். அநேகமாக இதுதான் நடந்திருக்கிறது. செட்டாக விற்றவர் செட்டிங்கையும் சரிசெய்து தந்திருக்க வேண்டும். குறைந்தபட்சம் ஒரு தாளில் எழுதியாவது கொடுத்திருக்க வேண்டும். இப்போது எதையும் மாற்றாமல் விஎஃப்டி திரையில் தெரியும் எண்களைப் படமெடுங்கள். செட் என்று போட்ட பில்லோடு சேர்த்து அனுப்பி, பதிலை எழுத்தில் கேளுங்கள். விடாதீர்கள்.

கேள்வி: 6 மி.மீ. கோலெட்டில் (கட்டரின் தண்டைப் பிடிக்கும் கவ்வி) 6.35 மி.மீ. தண்டுள்ள கட்டரை அழுத்தி நுழைக்கலாமா?

பதில்: கூடாது.

கேள்வி: 1 மி.மீ. கட்டர் பத்து வாங்கினேன். பத்தும் உடைந்துவிட்டன. மட்டமான சரக்கா?

பதில்: கட்டரைத் திட்டும் முன் கோலெட்டைப் பாருங்கள். வருடக்கணக்காகச் சொல்லி அலுத்துப்போன விஷயம் இது. ஸ்பிண்டிலுக்கு அள்ளிக் கொடுப்பவர்கள் கோலெட்டை மட்டும் இலவசமாக வந்ததே போதும் என்று விட்டுவிடுகிறார்கள். கணக்கு எளிது. இரண்டு ஃப்ளூட் (வெட்டும் பல்) உள்ள கட்டர், 18,000 சுற்று, நிமிடத்துக்கு 360 மி.மீ. வேகம் என்றால் ஒவ்வொரு பல்லும் சீவுவது 0.01 மி.மீ. கோலெட்டால் கட்டர் நுனி 0.03 மி.மீ. ஆடினால் மொத்தச் சுமையும் ஒரே பல்லில் விழும். ஊசிபோல இருக்கும் கட்டர் என்ன செய்யும், பாவம்! நானும் பதினைந்து கோலெட் கொண்ட மலிவு செட் ஒன்று வாங்கினேன். ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்துப் பார்த்தபோது தேறியது மூன்றுதான். அந்தப் பணத்துக்கு நல்ல கோலெட் இரண்டு வந்திருக்கும். உங்களுக்குத் தேவையான அளவில் மட்டும் தரமானதாக வாங்குங்கள். கோலெட்டை முதலில் நட்டில் ‘டக்’ என்று உட்காரவைத்து, அப்புறம் ஸ்பிண்டிலில் மாட்டுங்கள். உள்ளே தூள் இருக்கக் கூடாது. கட்டர் இல்லாமல் நட்டை இறுக்கவும் கூடாது.

கேள்வி: டைட்டானியம் அலுமினியம் நைட்ரைடு பூச்சுள்ள நான்கு ஃப்ளூட் கட்டர், விலை அதிகம். அலுமினியம் வெட்டினால் அப்பிக்கொள்கிறது.

பதில்: எதை வெட்டப் போகிறீர்கள் என்று கேட்காமலே விற்றிருக்கிறார்கள். பூச்சிலேயே அலுமினியம் இருக்கிறது, அதனால் ஒட்டும். நான்கு ஃப்ளூட்டில் சீவல் வெளியேறவும் இடமில்லை. பூச்சில்லாத, ஒரே ஃப்ளூட் உள்ள கார்பைடு கட்டர் வாங்குங்கள். இந்தக் கட்டரை எஃகு வெட்டுபவருக்குக் கொடுத்துவிடலாம்.

கேள்வி: ஐம்பது கட்டர் உள்ள பெட்டி ஆஃபரில் வருகிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். நான் வாங்கிய பெட்டியில் இரண்டு வருடத்தில் பயன்பட்டவை நான்கு.

கேள்வி: பிளைவுட்டின் மேல் விளிம்பு பிய்ந்து வருகிறது.

பதில்: டவுன்கட் கட்டர் போடுங்கள். அது தூளைக் கீழே தள்ளும் என்பதால் ஒரே தடவையில் ஆழமாக இறக்காதீர்கள்.