கணினிக்கு முந்தைய அறிவியல் புனைவுப் படங்கள்: கேமரா தந்திரங்கள் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: 1902இல் பிரெஞ்சு இயக்குநர் மெலியே எடுத்த 'நிலவுக்கு ஒரு பயணம்' படத்தில் நிலவின் முகம் நெருங்கி வருகிறதே, கேமராவை நகர்த்தினார்களா?

பதில்: கேமரா நகரவே இல்லை. கழுத்துவரை கறுப்பு வெல்வெட் போர்த்திய நடிகரை நாற்காலியில் உட்காரவைத்து, தண்டவாளம் பதித்த சரிவில் கப்பி கட்டி இழுத்தார்கள். உடல் இருட்டோடு கலந்துவிட, முகம் மட்டும் பெருத்துக்கொண்டே வரும்.

கேள்வி: குடையால் அடித்ததும் நிலவுவாசி புகையாவது எப்படி?

பதில்: அடி விழும் நொடியில் கேமராவை நிறுத்துவார்கள். மற்றவர்கள் சிலையாக நிற்க, நிலவுவாசி விலகிவிடுவார். அவர் நின்ற இடத்தில் புகை கிளம்ப, படப்பிடிப்பு தொடரும். வேலை இதோடு முடிந்தது என்றே பலரும் நினைக்கிறார்கள். ஆனால் நிறுத்திய இடத்தில் மிஞ்சும் பிரேம்களை (ஃபிலிமில் உள்ள தனித்தனிப் படங்களை) பிறகு வெட்டி ஒட்டவேண்டும். மெலியேயின் திறமையில் பாதி கத்தரிக்கோலில்தான் இருந்தது.

கேள்வி: 'மெட்ரோபோலிஸ்' (1927) நகரத்தை நிஜமாகவே கட்டினார்களா?

பதில்: பெரும்பாலும் சிறு மாதிரிகள். சில காட்சிகளில் ஒளிப்பதிவாளர் ஆய்கன் ஷுஃப்டான் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பயன்படுத்தினார். லென்ஸுக்கு முன்னால் 45 பாகையில் சாய்த்த கண்ணாடி. அதில் பக்கவாட்டில் இருக்கும் மாதிரிக் கட்டடம் பிரதிபலிக்கும். நடிகர்கள் தெரியவேண்டிய பகுதியில் மட்டும் ரசத்தைச் சுரண்டிவிட்டால், தூரத்தில் நிற்கும் அவர்கள் அந்த வழியே தெரிவார்கள். இரண்டும் ஒரே நெகட்டிவில், ஒரே நேரத்தில் பதியும். எனக்கு இந்தக் காலத்துத் தந்திரங்களிலேயே மிகவும் பிடித்தது இதுதான்.

கேள்வி: 'தொலைந்த உலகம்' (1925) டைனோசர்கள் மூச்சுக்கூட விடுகின்றனவே!

பதில்: பொம்மைக்குள் ரப்பர்ப் பை. ஒவ்வொரு பிரேமுக்கும் காலை இம்மியளவு நகர்த்துவதோடு, பையின் காற்றையும் கூட்டிக் குறைத்தார்கள். வில்லிஸ் ஓ'பிரையன் குழுவின் பொறுமையை என்ன சொல்வது!

கேள்வி: 1933இன் 'கண்ணுக்குத் தெரியாத மனிதன்' படத்தில் ஆள் தெரியாமல் சட்டை மட்டும் தெரிவது எப்படி?

பதில்: மறுபடியும் கறுப்பு வெல்வெட். நடிகருக்கு உள்ளே வெல்வெட் உடை, மேலே சட்டை, பின்னாலும் வெல்வெட் திரை. சட்டை மட்டும் பதிவான அந்தப் படத்தை, தனியாக எடுத்த அறைக் காட்சியோடு ஆய்வகத்தில் இணைத்தார் தந்திரக் காட்சி நிபுணர் ஜான் ஃபுல்டன். மிஞ்சிய குறைகளைத் தூரிகையால் பிரேம் பிரேமாகத் தொட்டுச் சரிசெய்தார்கள்.

கேள்வி: கைப்பேசியில் குறும்படம் எடுக்கிறோம். எதில் தொடங்கலாம்?

பதில்: மெலியேயின் நிறுத்தித் தொடங்கும் முறையில். முக்காலி கட்டாயம், வெளிச்சத்தையும் ஃபோகஸையும் பூட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் ஆள் மறையும்போது அறையின் நிறமும் மாறிவிடும். ஜன்னல் வெயிலையும் நம்பவேண்டாம்.