பட்டா நிலத் தேக்கு: காடா, டிம்பரா? புரோக்கர் நீட்டும் தாளில் கையெழுத்துப் போடுமுன்

கேள்வி: அந்தியூர் பக்கம் மலையடிவாரத்தில் எங்களுக்கு 2 ஏக்கர் 30 சென்ட் பட்டா நிலம் இருக்கிறது. அப்பா 2001-இல் தேக்கு வைத்தார். இப்போது முந்நூறுக்கு மேல் மரம் நிற்கிறது. ஒரு மரப் புரோக்கர் மொத்தமாக விலை பேசி 20,000 ரூபாய் அட்வான்ஸும் கொடுத்துவிட்டார். ஆறு வருசத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொள்வதாகவும், டிம்பர் வியாபாரத்துக்குப் பதிவு தேவையில்லை, பத்திரத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்றும் சொல்கிறார். எங்கள் பழைய கிரயப் பத்திரத்தில் 'மேட்டுக்காடு' என்று இருக்கிறது. அதைப் பார்த்ததிலிருந்து, "பாரஸ்ட்காரங்க கண்ணுல பட்டா காடுன்னு சொல்லி மரத்தை முடக்கிருவாங்க, அதுக்குள்ள கையெழுத்துப் போட்டுருங்க" என்று அவசரப்படுத்துகிறார். போடலாமா?

பதில்: போடாதீர்கள். அவர் சொன்ன இரண்டு வாதமும் ஒன்றையொன்று வெட்டுகின்றன. பதிவு வேண்டாம் என்பதற்கு உங்கள் மரத்தை டிம்பர் என்கிறார். உங்களைப் பயமுறுத்த அதே மரத்தைக் காடு என்கிறார். காடா என்பது நிலத்தைப் பற்றிய கேள்வி. டிம்பரா என்பது நீங்கள் எழுதப்போகும் ஒப்பந்தத்தைப் பற்றிய கேள்வி. இரண்டுக்கும் தனித்தனிச் சட்டம், தனித்தனி அலுவலகம். இரண்டையும் ஒன்றாகக் கலக்கி உங்களைக் கையெழுத்துப் போட வைப்பதுதான் இந்த வியாபாரத்தில் நடப்பது.

முதலில் காட்டைப் பார்த்துவிடுவோம், அது சீக்கிரம் முடியும். கொங்குப் பக்கம் வானம் பார்த்த புன்செய் எல்லாமே காடுதான். 'காட்டுக்குப் போயிட்டு வரேன்' என்று சொல்பவர் சோளம் விதைக்கப் போகிறார். பத்திரம் எழுதியவர் அந்தப் பேச்சு வழக்கை அப்படியே எழுதியிருக்கிறார், அவ்வளவுதான். பத்திரத்தில் இருக்கும் அந்த வார்த்தையால் நிலம் வனத்துறைக்குப் போய்விடாது. பார்க்க வேண்டியது கிராமக் கணக்கு. உங்கள் சர்வே எண்ணுக்கு 'அ' பதிவேட்டு நகலை இணையத்திலேயே எடுக்கலாம். ரயத்துவாரி (உரிமையாளர் அரசுக்கு நேரடியாக வரி கட்டும் பட்டா நிலம்) புன்செய் என்று இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. 1882-ஆம் ஆண்டின் வனச் சட்டப்படி காப்புக்காடாக அறிவிக்கப்பட்ட நிலமா, அறிவிப்பு பாதியில் நிற்கிறதா என்பதை வனச்சரக அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். அடிவார நிலம் என்பதால் இதைத் தவிர்க்காதீர்கள். வாய்ப்பேச்சுப் பதிலை நம்ப வேண்டாம், மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

மீதிப் பாதிக் கவலை உச்ச நீதிமன்றத்தால் வந்தது. கூடலூர்க் காடுகள் அழிவதைப் பற்றி கேரளத்தின் நிலம்பூர் கோவிலகத்தை (அரச குடும்பத்தை) சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995-இல் போட்ட வழக்கில், 1996 டிசம்பர் 12 அன்று ஓர் உத்தரவு வந்தது. காடு என்ற சொல்லுக்கு அகராதிப் பொருளையே எடுத்துக்கொள்ள வேண்டும், நிலம் யார் பெயரில் இருந்தாலும் அரசு ஆவணத்தில் காடு என்று இருந்தால் அதுவும் காடே என்றது நீதிமன்றம். புரோக்கர்கள் அரைகுறையாகக் கேள்விப்பட்டு வைத்திருப்பது இதைத்தான். ஆனால் அதே உத்தரவில் தமிழ்நாட்டுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. காட்டுப் பகுதிகளில் மரம் வெட்ட முழுத் தடை போட்டுவிட்டு, தானாக முளைக்காமல் நட்டு வளர்த்த மரங்களாக இருந்து, நிலமும் முன்பு காடாக இல்லாதிருந்தால் அந்தத் தடை பொருந்தாது என்று சொன்ன பகுதி அது. அதை எந்தப் புரோக்கரும் வாய் திறந்து சொல்லி நான் கேட்டதில்லை.

ஆகவே உங்களுக்கு வேண்டியது, அந்த மரங்கள் நட்டவை என்பதற்கு ஆதாரம். வரிசையும் இடைவெளியும் பார்த்தாலே தெரியும் என்றாலும் காகிதம் வேண்டும். நாற்று வாங்கிய ரசீது, சொட்டு நீர் போட்ட பில், பழைய போட்டோ எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். அடங்கலில் தேக்கு என்று ஏறியிருந்தால் நல்லது. பெரும்பாலும் ஏறியிருக்காது. வருசா வருசம் வயலைப் பார்க்காமலேயே போன வருசத்துப் பயிரை எழுதும் கணக்கில் தேக்கு எப்படி வரும்? மரம் வளருங்கள் என்று நாற்றை இலவசமாகக் கொடுப்பதும் அரசுதான். வெட்டும் வயதில், நீதான் நட்டாய் என்பதற்கு என்ன சாட்சி என்று விவசாயியைக் கேட்பதும் அதே அரசுதான். கிராம நிர்வாக அலுவலரிடம் மனுக் கொடுத்து, நேரில் வந்து மரத்தை எண்ணிக் கணக்கில் ஏற்றச் சொல்லுங்கள். அலைய விடுவார்கள். அலையுங்கள்.

(மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம், தனியார் காடுகள் சட்டம் என்றெல்லாம் உண்டு. உங்கள் கிராமம் அந்த அறிவிப்புகளில் இருக்கிறதா என்று அதே மனுவிலேயே ஒரு வரி சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.)

இனி டிம்பர். மோசடி இருப்பது இங்கேதான்.

பதிவுச் சட்டத்தில், நிலத்தோடு ஒட்டியிருப்பவை அசையாச் சொத்து. வெட்டுவதற்காக நிற்கும் மரத்தை, அதாவது டிம்பரை, அந்தச் சட்டம் அசையும் சொத்தில் சேர்க்கிறது. புரோக்கர் சொல்லும் 'பதிவு தேவையில்லை' இங்கிருந்து வருகிறது. அந்த அளவுக்கு உண்மை. ஆனால் நிற்கும் மரமெல்லாம் டிம்பர் ஆகாது. 1958-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன சாந்தாபாய் வழக்கைச் சொல்கிறேன். மத்திய மாகாணத்தில் ஒரு ஜமீன்தார், தன் காடுகளில் மூங்கிலும் விறகும் தேக்கும் வெட்டிக்கொள்ளும் உரிமையை 26,000 ரூபாய்க்கு மனைவிக்கு எழுதிக் கொடுத்தார். காலம் 12 வருசத்துக்கு மேல். பதிவு செய்யவில்லை. ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்ததும் அந்த அம்மா உரிமை கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். பதிவு செய்யாத தாள் செல்லாது என்று கைவிரித்துவிட்டார்கள். நீதிபதி விவியன் போஸ் அதில் தனியாக எழுதிய தீர்ப்பை இன்றுவரை எல்லாரும் காட்டுகிறார்கள். மரம் கட்டடத்துக்கு ஆகும் பருவத்தில் இருக்க வேண்டும், அதை நியாயமான சீக்கிரத்தில் வெட்டுவதாகவும் இருக்க வேண்டும். இரண்டும் இருந்தால்தான் டிம்பர். இன்னும் பல காலம் மண்ணிலிருந்து உறிஞ்சி வளரட்டும் என்று விட்டுவைப்பது மரம், அசையாச் சொத்து.

உங்கள் புரோக்கர் கேட்பது ஆறு வருசம். இருபது வருசம் தாண்டிய தேக்கில் வைரம், அதாவது உள்ளிருக்கும் கெட்டி மரம், இன்னும் கூடும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். இன்றைய விலையைக் கொடுத்துவிட்டு, ஆறு வருச வளர்ச்சியை உங்கள் மண்ணில், உங்கள் தண்ணீரில் இலவசமாக வாங்கப் பார்க்கிறார். அப்படி எழுதினால் அது டிம்பர் விற்பனையாக நிற்காது. நிலத்தில் ஓர் உரிமையைக் கொடுத்ததாகும், பதிவு கட்டாயம் என்ற கேள்வி வரும். பதியாமல் விட்டால் வில்லங்கச் சான்றில் எதுவும் தெரியாது. அவர் அந்தத் தாளை இன்னொருவருக்கு விற்பார், அவர் மூன்றாமவருக்கு விற்பார். நிலத்தை நீங்கள் விற்கப்போகும் நாளில் முன்பின் தெரியாத ஒருவர் ஜெராக்ஸ் காப்பியோடு வந்து நிற்பார். பாக்கிப் பணத்துக்கு நீங்கள் கோர்ட்டுக்குப் போனால், அந்தப் பதியாத தாளே உங்கள் வழக்கையும் நொண்ட வைக்கும்.

தாளில் இன்னொரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள். 'தூரும், தூரில் கிளைப்பவையும் உட்பட' என்பது போல எழுதியிருப்பார்கள். தூர் என்பது வெட்டிய பின் நிற்கும் அடிக்கட்டை. தேக்கை வெட்டினால் தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும். அந்தத் துளிரும் அவருக்கு என்றால் எத்தனை வருசத்துக்கு என்று கேளுங்கள், பதில் வராது. அந்த ஒரு வரியால் மர வியாபாரம் நில வியாபாரமாகிவிடும்.

சரியான வழி சின்னது. விற்கப்போகும் மரத்துக்கு மட்டும் பெயிண்டால் எண் போடுங்கள், மொத்தத் தோப்பு என்று எழுதாதீர்கள். மூன்று மாதம் போல ஒரு கெடு, அதற்குள் வெட்டாத மரம் உங்களுக்கே. 'நியாயமான சீக்கிரம்' என்றால் எத்தனை நாள் என்று சட்டத்தில் கணக்கு இல்லை. எத்தனையோ முறை திருத்தியவர்களுக்கு அதை எழுத மட்டும் நேரம் கிடைக்கவில்லை. ஆகவே குறைவாக வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. தூரும் நிலமும் உங்களுடையவை என்று தெளிவாக எழுதுங்கள். பணம் வங்கியில் ஏறிய பிறகே லாரி நகர வேண்டும்.

அளவிலும் ஏமாறுவீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். வெட்டிய கட்டையின் சுற்றளவை டேப்பால் எடுத்து, டேப்பை நாலாக மடித்து, அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவது மரக்கடைக் கணக்கு. 40 அங்குலச் சுற்றளவு, 10 அடி நீளக் கட்டைக்கு அந்தக் கணக்கில் வருவது ஏறக்குறைய 6.9 கன அடி. உருளையின் உண்மையான கன அளவு 8.8-க்கு மேல். நூற்றுக்கு 21 பங்குக்கு மேல் அங்கேயே குறைகிறது. சந்தை விலையே இந்தக் கணக்கை வைத்துப் பேசுவதுதான், அதனால் அதில் தப்பில்லை. ஆனால் இதற்கு மேல் 'பட்டைக்கு, வெள்ளைக்கு (வைரத்தைச் சுற்றியுள்ள வெளிமரத்துக்கு)' என்று இரண்டாவது முறையும் கழிப்பார்கள். எந்தக் கழிவு உண்டு, எது இல்லை என்று மரம் விழுமுன் பேசிவிடுங்கள்.

வெட்டிய பிறகு இன்னொரு சட்டம் வருகிறது. பதிவுச் சட்டத்தில் நிற்கும்போதே டிம்பராக இருக்கும் மரம், வனச் சட்டத்தின்படி, தானாக விழுந்த பிறகோ வெட்டிய பிறகோதான் டிம்பர். அந்தக் கணமே 1968-ஆம் ஆண்டின் மரப் போக்குவரத்து விதிகள் பிடித்துக்கொள்ளும். தேக்குக் கட்டைக்கு அனுமதிச் சீட்டு இல்லாமல் வண்டி தோப்பு வாசலைத் தாண்டக் கூடாது. பட்டா நகல், கிராம நிர்வாக அலுவலர் சான்று, வனத்துறை ஆய்வு எல்லாம் தேவைப்படும். மரம் உங்களுடையது என்பதைத் தெரிந்துகொள்ள எதற்கு இத்தனை மேசை என்று எனக்கும் இன்றுவரை விளங்கவில்லை. 'பர்மிட்டெல்லாம் நான் பாத்துக்கிறேங்க' என்று புரோக்கர் சொன்னால், உங்கள் பட்டா நகலையும் கையெழுத்துப் போட்ட வெள்ளைத்தாளையும் கேட்கப்போகிறார் என்று பொருள். உங்கள் பெயரில் வாங்கிய சீட்டில் வேறு எங்கோ வெட்டிய கட்டை போனால், சோதனைச்சாவடியில் பிடிபடுவது லாரி, விசாரணைக்கு வருவது நீங்கள். சீட்டை நீங்களே மனுப் போட்டு வாங்குங்கள். பட்டா நகலில் எதற்காகக் கொடுத்தது என்று குறுக்கே எழுதிக் கொடுங்கள்.

ஒரு விலக்கைக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் ஊர் சந்தனம் வளரும் மலைகளை ஒட்டிய அந்தியூர். வேலி ஓரத்தில் சந்தனக்கன்று இருக்கிறதா என்று நாளைக்கே நடந்து பாருங்கள். யாரும் நட்டிருக்க வேண்டியதில்லை. பழத்தைத் தின்ற பறவை விதையைப் போட்டுவிட்டுப் போகும், வேலிச் செடியின் வேரை ஒட்டி வேர் விட்டு அது வளர்ந்துகொள்ளும். எதிரெதிராக இலை, மிளகைவிடப் பெரிதாகக் கருநீலப் பழம். சந்தேகமாக இருந்தால் வனக்காப்பாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், நீங்களாகக் கிளையை ஒடித்துப் பார்க்காதீர்கள். இப்போது பட்டா நிலத்தில் நிற்கும் சந்தனம் நில உரிமையாளருக்கே சேரும் என்றாலும், அதை நீங்களே வெட்டவோ விற்கவோ முடியாது. 2008-ஆம் ஆண்டு விதிகளின்படி வனத்துறைக்குத் தெரிவித்து, அவர்கள் வழியாக எடுத்து விற்றுத்தான் பணம் வாங்க வேண்டும். சந்தனத்தை வெட்டுவதில்லை, வேரோடு பெயர்ப்பார்கள், வேரிலும் வைரம் உண்டு. 'தோப்பில் உள்ள மரங்கள் யாவும்' என்று நீங்கள் எழுதிக் கொடுத்து, தேக்கு வெட்ட வந்த ஆள் அந்த ஒரு கன்றையும் ராத்திரியோடு கொண்டுபோனால், வழக்கு உங்கள் நிலத்தின் பெயரில்தான் தொடங்கும். முந்நூறு தேக்கின் காசு வக்கீலுக்குப் போகும். ஆகவே தாளில் தேக்கு என்ற பெயரும், எண்ணும், எண்ணிக்கையும் மட்டும் இருக்கட்டும். மரங்கள் என்ற பொதுச்சொல் எங்கும் வர வேண்டாம்.

அட்வான்ஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஆறு வருசக் கெடுவுக்கு அவர் பிடிவாதம் பிடித்தால் அந்த 20,000-ஐ வங்கி மூலமாகவே திருப்பி அனுப்புங்கள். கையில் கொடுக்காதீர்கள். துண்டுச்சீட்டு எதிலாவது கையெழுத்துப் போட்டிருந்தால் அசலை வாங்கிக் குறுக்கே கோடு போட்டு, 'பணம் திருப்பிச் செலுத்தியாயிற்று' என்று அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள். தர மறுத்தால் ஒப்புகையுடன் ஒரு விரைவுத் தபால் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்பி, நகலைப் பட்டாவோடு சேர்த்து வையுங்கள்.