கடலூர்க்காரனுக்குப் பாலைவனப் பூங்காவில் என்ன வேலை?

கேள்வி இது: "ஜெய்சல்மேர் பக்கத்தில் இருக்கும் பாலைவன தேசியப் பூங்காவில் மணலைத் தவிரப் பார்க்க என்ன இருக்கிறது? கடற்கரை மணலிலேயே வளர்ந்த நாம் அவ்வளவு தூரம் போகத்தான் வேண்டுமா?"

போகலாம், ஆனால் மணலுக்காகப் போகாதீர்கள். மணல்தான் வேண்டுமென்றால் நம்ம சில்வர் பீச் இருக்கிறது, ஆட்டோ காசோடு முடிந்துவிடும்.

அந்தப் பூங்கா ஜெய்சல்மேர், பார்மேர் என்று இரண்டு மாவட்டங்களில் 3,162 சதுர கி.மீ. பரப்பில் கிடக்கிறது, 1980-இல் அறிவித்தார்கள். இதில் மணல்மேடு என்று சொல்லக்கூடியது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். மீதியெல்லாம் பாறைத்தரை, சரளைக்கல், உப்பு பூத்த பள்ளம், அப்புறம் கண்ணுக்கெட்டிய தூரத்துக்குப் புல். டூர் பேக்கேஜில் போனால் நேராக சாம் மணல்மேட்டில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள், ஒட்டகம், ஜீப், ராத்திரி டென்ட்டில் காது கிழிகிற ஸ்பீக்கர், காலையில் திரும்பு என்று. அங்கே ஒரு சாயங்காலம் இருங்கள், சூரியன் இறங்குவது உண்மையிலேயே நன்றாக இருக்கும், அதற்கு மேல் அந்த இடத்துக்கு நேரம் கொடுக்காதீர்கள் என்பது என் கருத்து. பெயர்தான் தேசியப் பூங்கா, உள்ளே ஊர்கள் இருக்கின்றன, ஆடு மாடு மேய்கின்றன, பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் போகிறார்கள். வேலி போட்ட காட்டை எதிர்பார்த்துப் போனால் "இதுதானா?" என்று தோன்றும்.

மழைக் கணக்கு ஒன்று சொல்கிறேன், அப்போதுதான் அங்குள்ள செடிகளின் அருமை புரியும். ஜெய்சல்மேரில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதே சராசரியாக 20 செ.மீ.க்குள்தான். 2024-இல் ஃபெஞ்சல் புயல் வந்தபோது பாண்டிச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அதாவது அவர்களுடைய இரண்டு வருஷ மழை நமக்கு ஒரே நாளில், வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது.

சரி, செடிகளுக்கு வருவோம். பாலைவனம் என்றவுடன் கை தூக்கி நிற்கிற பெரிய கள்ளியைத் தேடாதீர்கள், அது அமெரிக்கப் பாலைவனப் படங்கள் நம் தலையில் ஏற்றியது. தார் பாலைவனத்தின் ராஜா கேஜ்ரி என்கிற மரம். அது வேறொன்றும் இல்லை, நம் வன்னி மரம். விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலில் தலமரமாக நிற்கிறதே, அதே இனம். கோயில் திருப்பணி செய்த விபசித்து முனிவர் கூலியாக வன்னி இலையைக் கொடுத்தார், அது அவரவர் உழைப்புக்கு ஏற்ற பொன்னாக மாறியது என்று அங்கே ஒரு கதை உண்டு, நம் பக்கத்து ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். என்னோடு வந்த விருத்தாசலத்து அத்தை வண்டியை நிறுத்தச் சொல்லி அந்த மரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அந்தப் பக்கம் ஒருவர் மரத்தின் மேல் ஏறி இலையைக் கழித்து ஆட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தார். "ஏன்டா, நம்ம சாமி மரத்த ஆட்டுக்குப் போடறானுங்களே" என்று அத்தைக்குப் பெரிய வருத்தம்.

ஆனால் ராஜஸ்தானிலும் அது சாமி மரம்தான், மாநில மரமும்கூட. வேர் ரொம்ப ஆழம் போகும், அதனால் ஊரே காய்ந்து கிடக்கும் கோடையிலும் அது மட்டும் பச்சையாக இருக்கும். இலை கால்நடைத் தீவனம், பிஞ்சுக் காய் சாங்ரி என்ற பெயரில் சாப்பாட்டுக்கு வரும். கேர் என்கிற முள்புதரின் காயோடு சேர்த்துச் சமைக்கும் கேர் சாங்ரியை ஜெய்சல்மேரில் கண்டிப்பாகக் கேட்டு வாங்குங்கள், கொஞ்சம் துவர்ப்பும் புளிப்புமாக இருக்கும், சோற்றைவிடக் கம்பு ரொட்டிக்குத்தான் பொருந்தும். வன்னி பயறு வகைக் குடும்பத்து மரம், மண்ணில் தழைச்சத்து சேர்க்கும், அதனால் நிலத்தின் நடுவே நின்றாலும் வெட்டமாட்டார்கள், அதன் அடியிலேயே கம்பு விதைப்பார்கள்.

இந்த மரத்துக்காக உயிரையே கொடுத்திருக்கிறார்கள். 1730-இல் ஜோத்பூர் மன்னர் அபய் சிங்கின் அரண்மனைக்குச் சுண்ணாம்பு சுட விறகு வெட்ட ஆட்கள் வந்தபோது, கேஜர்லி என்ற ஊரில் அம்ருதா தேவி என்ற பிஷ்னோய் சமூகத்துப் பெண் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தலை கொடுத்தார், அவரைத் தொடர்ந்து மொத்தம் 363 பேர் செத்தார்கள். அந்த ஊர் பூங்காவுக்குள் இல்லை, ஜோத்பூருக்குப் பக்கம். ஆனால் நம் ஊரிலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் ஜோத்பூர் வழியாகத்தானே போகப் போகிறீர்கள், அரை நாள் ஒதுக்கிப் பார்த்துவிடுங்கள்.

வன்னிக்கு அடுத்து எருக்கு. நாம் பிள்ளையாருக்கு மாலை கட்டும் எருக்குக்கு அண்ணன் தம்பி இனம், ஆக் என்கிறார்கள், எங்கே பார்த்தாலும் நிற்கும். போக் என்றொரு புதர், இலை இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது, வெறும் குச்சிகளாக நிற்கும், ஆனால் அதன் வேர்தான் மணலைப் பிடித்து நிறுத்துகிறது. ரோஹிடா மரம் குளிர் முடியும் சமயத்தில் ஆரஞ்சும் மஞ்சளுமாகப் பூக்கும். நம் வேலிகாத்தான் அங்கேயும் போய்ச் சேர்ந்திருக்கிறது, விலாயதி பபூல் என்று பெயர், சீமைச் சரக்கு என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. மேய்ச்சல் நிலத்தை அடைத்துக்கொள்கிறது என்று எங்கள் ஜீப் ஓட்டிய பெரியவர் திட்டிய திட்டு, மொழி தெரியாமலே எனக்குப் புரிந்தது.

எல்லாவற்றுக்கும் மேலாக சேவண் புல். பெரிய பெரிய குத்தாக வளரும், ஒரு மழை விழுந்தால் துளிர்த்துவிடும், ஆடு, மாடு, சிங்காரா மான் எல்லாவற்றுக்கும் சோறு அதுதான். நம் சர்க்கார் காகிதத்தில் இந்த மாதிரிப் புல்வெளிக்குப் பல இடங்களில் 'தரிசு' என்றுதான் பெயர், தரிசுதானே என்று காற்றாலையும் சோலார் பண்ணையும் வந்து உட்கார்ந்துவிட்டன.

அங்கேதான் கானமயிலின் கதை வருகிறது. ராஜஸ்தானின் மாநிலப் பறவை, அங்கே கோடாவண் என்பார்கள். ஒரு மீட்டர் உயரம், சேவல் 15 கிலோ வரை எடை இருக்கும், பறக்கிற பறவைகளில் இவ்வளவு கனமானவை உலகத்திலேயே ரொம்பக் குறைவு. தரையில், புல்லுக்கு நடுவே, பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை இடும். கண் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் நேர் எதிரே இருப்பது சரியாகத் தெரியாது, உடம்பு கனம், மின்கம்பி கிட்டே வந்தபிறகு சட்டென்று திரும்பவும் முடியாது. இப்போது இயற்கையில் மிஞ்சியிருப்பது 150 வாக்கில், அதில் பெரும்பகுதி இந்தப் பூங்காவையும் அதைச் சுற்றியும்தான். 2021-இல் உச்ச நீதிமன்றம் கம்பிகளை மண்ணுக்கடியில் போடச் சொன்னது, 2024-இல் அதைத் தளர்த்தி நிபுணர் குழு அமைத்தது. சூரிய மின்சாரமும் வேண்டும், பறவையும் வேண்டும், இரண்டுக்கும் ஒரே நிலம், சுலபமான விடை எனக்கும் தெரியவில்லை. 2019 முதல் முட்டை சேகரித்துக் குஞ்சு பொரிக்கவைக்கிறார்கள், 2024 அக்டோபரில் செயற்கைக் கருவூட்டலில் முதல் குஞ்சும் பிறந்தது. இனப்பெருக்க மையத்துக்குள் நம்மை விடமாட்டார்கள். சுதாசரி அடைப்புப் பக்கம் குளிர்காலக் காலையில் பொறுமையாக இருந்தால் தூரத்தில் தென்படலாம். எங்களுக்கு பைனாகுலரில் புல்லுக்கு மேலே ஒரு வெள்ளைக் கழுத்து நடந்துபோனது தெரிந்தது, அத்தை "கொக்கு" என்று முடித்துவிட்டார்.

தேகராய் மாதிரி ஓரண்கள் அங்கே உண்டு, சாமிக்கு விட்ட காடு, கிளையை ஒடிக்கக்கூடாது. புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம்.

குல்தாரா என்ற ஆளில்லாத ஊரையும் காட்டுவார்கள், பேய், சாபம், ஒரே ராத்திரியில் ஊரே காலி என்று கைடு கதை விடுவார். எனக்கு அதைவிட அங்கே வாழ்ந்த பாலிவால் சமூகத்தார் கண்ட கடீன் முறைதான் பெரிதாகத் தெரிகிறது. சரிவில் வழிந்தோடும் மழைத்தண்ணீரை நீளக் கரை போட்டு நிறுத்தி, தண்ணீர் வடிந்தபிறகு அந்த ஈரத்திலேயே கோதுமையும் கொண்டைக்கடலையும் எடுத்திருக்கிறார்கள்.

கடைசியாக ஆகல். ஜெய்சல்மேரிலிருந்து பார்மேர் சாலையில் 17 கி.மீ., 21 ஹெக்டேரில் கல்லாய்ப்போன மரங்கள், வயது சுமார் 18 கோடி ஆண்டு. பூக்கும் தாவரங்கள் பரவுவதற்கு முந்திய காலம், அந்தப் பாலைவனம் அப்போது காடு. நம் பாண்டிச்சேரிக்குப் பக்கத்துத் திருவக்கரையில் இருப்பவை சுமார் 2 கோடி ஆண்டுதான், வயதில் ரொம்பச் சின்னவை. இரண்டிலும் நடந்தது ஒன்றே, புதைந்த மரத்துக்குள் தாதுக்கள் கரைந்த தண்ணீர் இறங்கி மரம் இருந்த இடத்தில் சிலிக்கா உட்கார்ந்துவிட்டது. திருவக்கரைக் கட்டைகளில் கிளை, பட்டை, இலை எதுவும் இல்லை, வெள்ளம் எங்கிருந்தோ அடித்து வந்து போட்டதற்கு அதுதான் அடையாளம். அவை கிடக்கும் பாறைக்குப் புவியியல்காரர்கள் வைத்த பெயரே கடலூர் மணற்கல்! 1781-லேயே சொன்னேரா என்ற ஃபிரெஞ்சுக்காரர் இதைப் பற்றி எழுதிவிட்டார், நாம்தான் பௌர்ணமிக்கு வக்ரகாளியம்மனைக் கும்பிட்டுவிட்டு அங்குள்ள கல்மரப் பூங்கா பக்கம் திரும்பாமலே வந்துவிடுகிறோம். முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் பாருங்கள், பிறகு ஆகலுக்குப் போனால் கம்பி வலைக்குள் கிடப்பது வெறும் கல்லாகத் தெரியாது.

போவதற்கு நல்ல சமயம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. ராத்திரி குளிர் நம் உடம்புக்குப் பழக்கமில்லாதது, ஸ்வெட்டர் மட்டும் போதாது. எல்லைப் பக்கம் சில இடங்களுக்கு முன் அனுமதி வேண்டும், ஜெய்சல்மேரிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள், ஆதார் கையில் இருக்கட்டும். புல்வெளியில் வெறும் செருப்போடு இறங்காதீர்கள், ஷூ வேண்டும், ஒட்டுப்புல் மாதிரி ஒரு முள்விதை உண்டு, வேட்டி, சேலை, சாக்ஸ் எதையும் விடாது, தைத்தால் பிடுங்கி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.