எலி தின்ற இரும்பும் தங்கையின் சாக்லேட்டும்

கேள்வி: எனக்கு எட்டு வயதில் ஒரு மகன், ஐந்து வயதில் ஒரு மகள். ராத்திரி படுக்கும்போது இருவருக்கும் கதை சொல்வேன். போன வாரம் ‘இரும்பைத் தின்ற எலி’ கதையைச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து, ஃபிரிட்ஜில் வைத்திருந்த தங்கையின் சாக்லேட்டைக் காணோம். கேட்டால், “எலி தின்னுடுச்சும்மா” என்கிறான். திட்டினேன். “கதையில பொய் சொன்னா புத்திசாலி, நான் சொன்னா மட்டும் தப்பா?” என்று திருப்பிக் கேட்கிறான். இந்த மாதிரிக் கதைகளையே நிறுத்து என்கிறார் என் கணவர். என்ன செய்வது?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: ஃபிரிட்ஜைத் திறந்து, சாக்லேட்டைத் தின்றுவிட்டு, திரும்பக் கதவைச் சாத்திவிட்டும் போன எலி! சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பையன் கேட்டது நல்ல கேள்விதான். ஆனால் அதில் ஒரு சின்னக் குளறுபடி இருக்கிறது. அதைப் பிடித்துவிட்டால் பதில் கிடைத்துவிடும்.

கதையை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். கையில் காசில்லாத வியாபாரி ஒருவன், தன் முன்னோர் விட்டுப்போன இரும்புத் தராசை ஒருவனிடம் கொடுத்துவிட்டு வெளியூர் போகிறான். சின்னத் தராசு இல்லை. 1000 பலம் (அந்தக் கால எடை அளவு) என்கிறது பஞ்சதந்திரம். திரும்பி வந்து கேட்டால், “அதை எலி தின்றுவிட்டதே” என்கிறான் வாங்கி வைத்தவன். வியாபாரி சண்டை போடவில்லை. “அப்படியா, சரி” என்று சொல்லிவிட்டு, குளிக்கப் போகிறேன், துணைக்கு உன் பையனை அனுப்பு என்கிறான். தனியாகத் திரும்பி வருகிறான். பையன் எங்கே என்றால், “பருந்து தூக்கிக்கொண்டு போய்விட்டது.” விஷயம் நீதிபதி வரைக்கும் போகிறது. பருந்து எங்காவது பிள்ளையைத் தூக்குமா என்று அவர் கேட்க, இரும்பை எலி தின்கிற ஊரில் பருந்து பிள்ளையைத் தூக்காதா என்கிறான் வியாபாரி. தராசு வெளியே வருகிறது, பையனும் வீடு வந்து சேர்கிறான்.

இதில் “எலி தின்றுவிட்டது” யாருடைய வசனம்? ஏமாற்றியவனுடையது. உங்கள் மகன் புத்திசாலியைப் பார்த்துக் கற்றுக்கொண்டதாக நினைக்கிறான். அவன் வாயில் வந்ததோ திருடனின் வசனம். இதை மட்டும் அவனிடம் சொல்லிப் பாருங்கள். எட்டு வயசுக்குக் கொஞ்சம் உறைக்கும்.

அடுத்து அவன், “பருந்து தூக்கிட்டுப் போச்சுன்னு சொன்னதும் பொய்தானே?” என்று கேட்பான். கேட்கட்டும். இரண்டு பொய்யும் ஒன்றா என்று நீங்கள் திருப்பிக் கேளுங்கள். எலிக் கதையைச் சொன்னவனுக்கு அதை மற்றவர்கள் நம்ப வேண்டும். நம்பினால்தான் தராசு அவனுக்கு. பருந்துக் கதையைச் சொன்னவனுக்கோ அதை யாரும் நம்பக் கூடாது. “இது அபாண்டம்!” என்று எதிராளியே தொண்டை கிழியக் கத்த வேண்டும். கத்திய அந்த நொடியில் அவன் சொன்ன எலியும் செத்துப்போகிறது. அவன் வைத்த அளவுகோலை எடுத்து அவனையே அளந்ததுதான் இங்கே நடந்தது.

பையனைப் பிடித்து அடைத்தது சரியா என்றால், எனக்கும் அது உறுத்தத்தான் செய்கிறது. குகையில் விட்டுக் கல்லால் மூடிவிட்டு வருகிறான் வியாபாரி. நான் சொல்லும்போது குகையை எடுத்துவிட்டு, தெரிந்தவர் வீட்டில் உட்காரவைத்து முறுக்கு கொடுத்ததாகச் சொல்லிவிடுவேன். நாட்டுக்கதையில் அந்த அளவு உரிமை நமக்கு உண்டு.

பொய்யே வேண்டாம் என்று உங்கள் கணவர் நினைத்தால், பீர்பால் கிச்சடியைச் சொல்லுங்கள். ராத்திரி முழுக்கக் குளிர்ந்த தண்ணீரில் நின்றால் பரிசு என்கிறார் அக்பர். ஓர் ஏழை நின்றுவிடுகிறான். எப்படித் தாங்கினாய் என்றால், தூரத்தில் அரண்மனை விளக்கு தெரிந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்கிறான் வெள்ளந்தியாக. “அப்படியானால் விளக்குச் சூட்டில் குளிர்காய்ந்திருக்கிறான், பரிசு கிடையாது” என்று தீர்ப்பாகிறது. மறுநாள் பீர்பால் சபைக்கு வரவில்லை. ஆள் அனுப்பினால், கிச்சடி வேகவில்லை, வெந்ததும் வருகிறேன் என்று பதில் வருகிறது. பொறுமை போய் அக்பரே வந்து பார்க்கிறார். கீழே நாலு சுள்ளி எரிகிறது, பானையோ எட்டாத உயரத்தில் தொங்குகிறது. இது எப்போது வேகும் என்று கேட்கிறார். அந்த விளக்கின் சூடு அவனுக்கு எட்டியதென்றால், இந்தச் சூடு பானைக்கு எட்டாதா? பரிசு ஏழைக்குப் போகிறது. இதில் ஒருவர் வாயிலும் பொய் இல்லை. பீர்பால் வாதாடக்கூட இல்லை, சமைத்தார், அவ்வளவுதான்.

சாப்பாட்டு வாசனைக்குக் காசு கேட்டவனுக்குக் காசின் சத்தத்தைக் கொடுத்த கதையும் இதே ரகம். நம் ஊரில் மரியாதை ராமன் தீர்ப்பாகக் கேட்டிருப்பீர்கள். ஜப்பானில் இதே தீர்ப்பை 18-ம் நூற்றாண்டு நீதிபதி ஓக்கா பெயரில் சொல்கிறார்கள்.

எல்லாக் கதையையும் அப்படியே கொடுத்துவிடாதீர்கள். தெனாலி ராமன் தங்க மாம்பழக் கதை தெரியும் அல்லவா? மாம்பழ ஆசை தீராமல் செத்துப்போன ராஜமாதா பெயரைச் சொல்லித் தங்க மாம்பழம் வாங்கிய புரோகிதர்களைக் கூப்பிட்டு, “என் அம்மாவுக்குச் சூடு போட்டுக்கொள்ளும் ஆசை இருந்தது” என்று பழுக்கக் காய்ச்சிய கம்பியை எடுக்கிறான் ராமன். பேராசைக்குப் பதிலடி சரிதான். ஆனால் உங்கள் மகன் போகிற வேகத்தில் அடுப்பங்கரைக் கரண்டியைக் கையில் எடுத்துவிடப்போகிறான். நாலைந்து வருஷம் போகட்டும்.

இப்போது சாக்லேட். ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் தோசை போடுங்கள், அவன் தட்டை மட்டும் காலியாக வையுங்கள். கேட்டால், “உன் தோசையை எலி தின்னுடுச்சுப்பா” என்று சொல்லுங்கள். இரண்டு நிமிஷம் போதும், அழவிடக் கூடாது. அப்புறம் சூடாக ஒன்று போட்டுக் கொடுத்துவிடுங்கள். தங்கைக்குச் சாக்லேட் எப்போது வாங்கித் தருவது என்று அவனே பேச்செடுப்பான் என்று நினைக்கிறேன். எடுக்காவிட்டால் நீங்கள் எடுங்கள், அவன் உண்டியலில் இருந்து.

கணவரிடம் வாதம் செய்யாதீர்கள். அடுத்த முறை அந்தக் கதையை அவரையே சொல்லச் சொல்லுங்கள். பருந்து வருகிற இடத்தில் முகத்தை மட்டும் சாதாரணமாக வைத்துக்கொள்ள வேண்டும். அங்கே அவர் சிரித்துவிட்டால் கதை கெட்டுவிடும்.