உணர்ச்சியை ஒதுக்கிவிட்டு அறிவை மட்டும் வைத்து முடிவெடுப்பதுதானே நல்லது?

"எதற்கெடுத்தாலும் உணர்ச்சிவசப்படுகிறாய், கொஞ்சம் அறிவோடு யோசி" என்று வீட்டில் சொல்கிறார்கள் என எழுதியிருக்கிறீர்கள். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் உணர்ச்சி விலகினால் அறிவு தெளிவாகிவிடும் என்ற நினைப்பை நான் ஏற்கமாட்டேன். அப்படி உணர்ச்சி விலகிப்போனவர்களை மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

நரம்பியல் மருத்துவர் அந்தோனியோ டமாசியோ எலியட் என்ற மாற்றுப் பெயரில் ஒரு நோயாளியைப் பற்றி எழுதியிருக்கிறார். மூளையில் வளர்ந்த கட்டியை எடுத்தபோது, அது நசுக்கிக் கெடுத்திருந்த மூளையின் முன்பகுதித் திசுவையும் சேர்த்து எடுக்க வேண்டியிருந்தது. அதன்பிறகும் அறிவுத்திறன் சோதனைகளில் நல்ல மதிப்பெண்தான். நினைவாற்றல், பேச்சு, கணக்கு எதிலும் குறையில்லை. ஆனால் வேலை போனது, சேமிப்பு கரைந்தது, மணவாழ்க்கை முறிந்தது. இதையெல்லாம் யாருக்கோ நடந்ததுபோல அவரே நிதானமாக விவரித்தாராம். அலுவலகத்தில் காகிதங்களைத் தேதிப்படி அடுக்குவதா, அளவுப்படி அடுக்குவதா என்று ஒரு பிற்பகல் முழுக்க யோசிப்பார். எல்லா வழியும் அவருக்கு ஒன்றுபோலவே தெரிந்தன. எதுவும் மற்றதைவிட முக்கியமாகப் படவில்லை.

இதேபோல மூளை பாதித்த இன்னொருவரிடம், அடுத்து வர இரண்டு தேதிகளைக் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார் டமாசியோ. வானிலை, மற்ற வேலைகள் என்று அவர் கிட்டத்தட்ட அரை மணி நேரம் இரண்டு பக்கமும் அலசினார். தர்க்கத்தில் ஒரு பிசகும் இல்லை. கடைசியில் "இரண்டாவது தேதிக்கு வாருங்கள்" என்றதும், "சரி" என்று கிளம்பிவிட்டார். "போதும், இது சலிப்பாக இருக்கிறது" என்று நம்மை நிறுத்துவதும் ஓர் உணர்ச்சிதான். அது இல்லாவிட்டால் அறிவுக்கு எங்கே நிற்பது என்று தெரியாது.

ஆரோக்கியமானவர்களும் உணர்ச்சியின் துணையோடுதான் முடிவுக்கு வருகிறார்கள். சார்லஸ் டார்வின் 1838இல் கல்யாணம் செய்துகொள்வதா வேண்டாமா என்று ஒரு தாளில் பட்டியல் போட்டார். எதிர்ப்பக்கத்தில் நேரம் வீணாகும், புத்தகம் வாங்கப் பணம் குறையும், மாலையில் படிக்க முடியாது என்று கனமான காரணங்கள். பிறகு, வாழ்நாள் முழுக்க மலட்டுத் தேனீபோல வேலை, வேலை என்றே கழிப்பதா, தாங்காது என்று ஒரு வரி. கடைசியில் "மணந்துகொள்" என்று மூன்று முறை எழுதி, கணிதத் தேற்றத்தின் முடிவில் போடுவதுபோல "நிரூபிக்கப்பட்டது" என்றும் போட்டார். நிரூபணத்தை அந்தத் தாளில் தேடினால் கிடைக்காது! 1839 ஜனவரியில் எம்மாவை மணந்தார்.

எங்கள் வீட்டிலும் ஒன்று நடந்தது. அம்மா போனபிறகு அப்பா யாரோடு இருப்பது என்று பேசக் கூடினோம். அண்ணன் மருத்துவமனைக்கு எவ்வளவு தூரம், வீட்டில் எத்தனை படி, பகலில் யார் துணை என்று எக்செலில் அட்டவணையே போட்டு வந்திருந்தான். நல்ல அட்டவணை, குறை சொல்ல எதுவும் இல்லை. அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அக்காதான் அவர் முகம் வாடியதைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, பிடிக்கலையா?" என்றாள். கொஞ்சம் தயங்கிவிட்டு, தினமும் காலையில் தன்னோடு நடக்க வரும் நண்பரைப் பற்றிச் சொன்னார். அட்டவணையில் அந்த மனிதருக்கு ஒரு கட்டம்கூட இல்லை. அண்ணனுக்கு அறிவு குறைவு என்று இதற்கு அர்த்தமில்லை. எதைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதைப் பாசம்தான் காட்டிக்கொடுத்தது. அப்புறம் கணக்குப் போட அண்ணனே போதும்.

உணர்ச்சி தவறாதா என்றால், நன்றாகவே தவறும். பசியில் வாடும் ஒரு குழந்தையின் படத்தைப் பார்த்தவர்கள் தருவதைவிட, லட்சக்கணக்கானவர்கள் பட்டினி என்ற எண்ணைப் படித்தவர்கள் குறைவாகத் தருகிறார்கள். 2007இல் வெளியான ஓர் ஆய்வு இதைக் காட்டியது. வெறுப்பைத் தூண்டி மக்களைத் திரட்டுபவர்களும் அறிவிடம் பேசுவதில்லை, மனசிடம்தான் பேசுகிறார்கள். அதனால் "மனசு சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்பவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. ஆனால் அந்த ஒரு குழந்தைக்காகக்கூட இரங்காதவருக்கு லட்சம் என்ற எண் வெறும் எண்தான். இரக்கம் இருந்தால் அதை மற்றவர்களுக்கும் விரிக்க அறிவு உதவும். இல்லாத இரக்கத்தை எந்த அறிவாலும் உண்டாக்க முடியாது. இரண்டில் எது முதலில் என்று என்னைக் கேட்டால் மனசுதான் என்பேன்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கோபமோ பயமோ உச்சத்தில் இருக்கும்போது வீட்டார் சொல்வதைக் கேளுங்கள், முடிவை மறுநாளைக்குத் தள்ளிப்போடுங்கள். நிதானமாக யோசித்த பிறகும் காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்து மனசு மட்டும் ஒப்பவில்லை என்றால், மனசை அடக்குவதற்கு முன் காகிதத்தில் எது விடுபட்டிருக்கிறது என்று தேடிப்பாருங்கள். ஒன்றுமே கிடைக்காவிட்டால் காகிதத்தின்படியே செய்யுங்கள்.