விளக்கை அணையுங்கள், சன்னலைத் திறங்கள்

கேள்வி: பட்டுநூல் வளையல் செய்து ஷோப்பி இணையச் சந்தையில் விற்கிறேன். படத்தில் சிவப்பாகத் தெரிந்தது மெரூனாக வந்திருக்கிறது என்று இரண்டு பேர் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நல்ல கேமரா வாங்கணுமா அண்ணே?
- ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: கேமராவில் காசைப் போடாதீர்கள் தங்கச்சி, கைப்பேசியே போதும். கோளாறு வெளிச்சத்தில்தான். வீட்டு விளக்கும் சன்னல் வெளிச்சமும் கலந்து விழுந்தால் எந்த நிறத்தை நம்புவது என்று கேமரா குழம்பிவிடும், அதனால் விளக்கை அணைத்துவிட்டு, காலை 9, 10 மணி வாக்கில், நேர் வெயில் படாத சன்னலோரம் மேசையைப் போட்டு, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வளையலை வையுங்கள். எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை மணிலா அட்டையை நிறுத்தினால் நிழல் இளகும். நம் ஊர் மதிய வெயில் ஆகாது, சாயங்கால மழை இருட்டும் ஆகாது.

சரி, லென்ஸைத் துடைத்தீர்களா? (முறுக்கு சுட்ட கையோடு நான் எடுத்த படமெல்லாம் ஒரே பனிமூட்டம்.) அப்புறம், திரையில் வளையல்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான கைப்பேசிகளில் ஃபோகஸ் நகராமல் நிற்கும். ஃபில்டர் வேண்டவே வேண்டாம், அது நிறத்தைக் கெடுக்கும். பக்கத்தில் ஒரு 50 காசு நாணயத்தை வைத்தும் ஒரு படம் எடுங்கள், அளவு புரியும்.