மகளுக்கு முதல் கிற்றார்: கடைக்கே போங்கள்

பத்து வயது மகளுக்கு ஒன்லைனில் மலிவாக ஒரு கிற்றார் கண்டதாகவும், யாழ்ப்பாணம் டவுன் கடையில் விலை கூட என்றும் எழுதியிருந்தீர்கள். அக்கா, முதல் கிற்றாரைக் கடையிலேயே வாங்குங்கள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த வயதுக்குப் பெரும்பாலும் முக்கால் அளவுதான் பொருந்தும், மடியில் வைத்தால் உடனே தெரிந்துவிடும். நைலோன் கம்பி விரலுக்கு இதம்.

கிற்றாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டைகள்தான் பிரெட். 12ஆவது பிரெட்டுக்கு மேலே கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று வடிவாகப் பாருங்கள். தடித்த கம்பிக்குக் கிட்டத்தட்ட 4 மில்லிமீற்றர் சரி. அதைவிட நன்றாக உயர்ந்திருந்தால் பிள்ளைக்கு அழுத்தவே முடியாது, பாவம். அப்புறம், அதே பிரெட்டுக்கு நேரே கம்பியை இலேசாகத் தொட்டு ஒருதரம், அழுத்தி ஒருதரம் மீட்டும்படி கடைக்காரரிடம் சொல்லுங்கள். இரண்டும் ஒரே சுரமாகக் கேட்காவிட்டால் அது வேண்டாம்.

ஒன்லைன்தான் என்றால், திருப்பி எடுப்பார்களா என்று முதலே கேளுங்கள்.